கூட்டத்துக்கு வராத பெற்றோர்



பாடசாலையிலும் சமூகத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் பங்கு. இதுதான் ஏற்பாட்டாளர்கள் எனக்குத் தந்த தலைப்பு. இதில் ஒரு மணி நேரம் பேசுவது கஷ்டமே இல்லை. பாடசாலை ஒரு தேர், பெற்றோரும் ஆசிரியரும் அதன் இரு சக்கரங்கள் என்று தொடங்கிவிட்டால் போதும், மிச்சம் தானாக உருண்டு போகும். பரிசளிப்பு விழாக்களில் அந்தத் தேரை நாம் போதுமான தடவை இழுத்தாயிற்று. ஆகவே தலைப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். கூட்டத்துக்கு வராத பெற்றோரைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். வருகிறவர்களுக்காகப் பேச அவர்களே இருக்கிறார்கள்.

கட்டுகஸ்தோட்டையில் தொடங்கி குருநாகல் வரைக்கும் இந்த வீதியோரத்துப் பாடசாலை எதற்குள்ளும் நுழைந்து ஆசிரியர் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு வாக்கியம் காதில் விழாமல் இராது: "பெற்றோருக்கு அக்கறை இல்லை, சேர்." சிங்கள மொழிமூலப் பாடசாலையானால் அதே வாக்கியம் சிங்களத்தில் வரும். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. நாற்பது பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கைகளை எழுதி முடித்து, கையெழுத்துக்கு அனுப்பி, பதினைந்து மட்டும் திரும்பி வந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனாலும் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சோதிக்க வேண்டிய முதல் ஆவணம், பிள்ளையின் கொப்பிக்குள் மடித்து அனுப்பப்படும் அந்தத் துண்டுக் கடிதம். "எதிர்வரும் செவ்வாய்க்கிழமை முற்பகல் 9.30 மணிக்கு நடைபெறவுள்ள பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாது சமூகமளிக்கவும்." வாசிக்கச் சாதாரணமாக இருக்கிறது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் கையில் அது போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி, விழ வேண்டுமானால் காலையில் மலைக்கு ஏறி, குறித்த கிலோவைப் பறித்து, நிறுவையில் காட்ட வேண்டும். 9.30 மணிக் கூட்டம் 9.30க்குத் தொடங்காது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பத்தரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும் கூட்டத்துக்குப் போனவளுக்கு அன்றைக்கு அரைப் பேர்கூட நிச்சயமில்லை. அந்தத் தாயிடம் நாம் கேட்பது அக்கறையை மட்டுமல்ல, அரை நாட்கூலியையும் சேர்த்துத்தான். அதே கூட்டத்துக்கு வரும் பிரதேச செயலக உத்தியோகத்தருக்கு அரை நாள் லீவு உண்டு. அவர் சம்பளத்தில் சதமும் குறையாது. மேசன் வேலைக்குப் போகும் தகப்பனுக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும், கடையில் நிற்கும் பொடியனின் தாய்க்கும் தோட்டத் தாயின் கணக்கேதான்.

ஆகவே கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதை அக்கறைக்கு முன்னால் கூட்டத்தின் நேரம் தீர்மானித்துவிடுகிறது. வந்தவர்களில் இருந்துதானே செயற்குழுவைத் தெரிவு செய்வார்கள்? செயற்குழுதானே எதற்குப் பணம் சேர்ப்பது, எதைக் கட்டுவது என்று முடிவெடுக்கும்? இப்படி ஒரு துண்டுக் கடிதத்திலேயே பாடசாலையின் அரசியல் தொடங்கிவிடுகிறது.

கலகெதரவில் இதைப் பேசுவதற்கு ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது. கண்டியிலிருந்து குருநாகலுக்கு இறங்கும் மலைவாசலில் இருக்கிறது இந்த ஊர். கண்டி இராச்சியத்தின் காலத்தில் இது காவல் போட்டுக் காத்த கணவாய். 1803இல் ஆங்கிலேயப் படை கண்டிக்கு ஏறியபோது பிடித்த காவல் நிலைகளில் கலகெதரவும் ஒன்று. பக்கத்திலே மடிகே. இராச்சியத்தின் சரக்குகளைத் தவளம் கட்டி மாடுகளில் ஏற்றிச் சென்ற முஸ்லிம்களின் சேவைப் பிரிவான மடிகே பத்தவின் பெயர் ஊர்ப் பெயராகவே நின்றுவிட்டது. இன்றைக்கு இங்கே சிங்களக் கிராமம், முஸ்லிம் கிராமம், மிளகும் கராம்பும் போட்ட வீட்டுத் தோட்டங்கள், லயங்கள் எல்லாம் ஒரு பஸ் பயணத்துக்குள் அடுத்தடுத்து வரும். தமிழ்மொழிமூல வகுப்பொன்றில் முஸ்லிம் பிள்ளையும் மலையகத் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கும். அவர்களுடைய பெற்றோர் ஒரே வரிசையில் உட்காருவது அபூர்வம்.

வராத பெற்றோரில் இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். அவர்கள் நாட்டிலேயே இல்லை. குவைத்திலும் ரியாத்திலும் வீட்டு வேலை செய்யும் தாய்மார். அவர்களுக்குப் பதிலாகக் கூட்டத்துக்கு வருவது உம்மும்மா, அல்லது அம்மாயி. பின்வரிசையில், கதவோரமாக, குடையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு வகுப்பாசிரியரிடம் மெல்ல வருவார். "டீச்சர், பேத்தி எப்படிப் படிக்கிறா?" டீச்சர் தேர்ச்சி அறிக்கையை எடுத்து நீட்டுவார். அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். வாங்கிப் பார்த்து, தலையாட்டி, சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போய்விடுவார். வீட்டுக்குப் போனதும் அதை வாசித்துக் காட்டுவது யார்? அந்தப் பேத்தியேதான். அவள் எதை வாசித்துக் காட்டுவாள் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்புக்கு வகுப்பு வட்ஸ்அப் குழுக்கள் முளைத்தன. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையில் ஏறிய படங்களைப் பத்திரிகைகளில் பார்த்தோம். அந்தக் குழுக்களால் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் நடந்தது. வெளிநாட்டில் இருந்த தாய்மார் முதல் தடவையாக வகுப்புக்குள் வந்தார்கள். அங்கே வேலை முடிந்து அவர்கள் போனைக் கையில் எடுக்கும்போது இங்கே நள்ளிரவு. அந்த நேரத்தில் குரல் செய்தி வரும்: "டீச்சர், மகன்ட கணக்குக் கொப்பிய ஒருக்கா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க." பக்கத்து வீதியில் இருக்கும் தகப்பன் ஒரு வருடமாகக் கேட்காத கேள்வி அது. பாடசாலைகள் திறந்த பிறகு பல குழுக்கள் அறிவித்தல் பலகைகளாகிவிட்டன. "நாளை 200 ரூபா கொடுத்து அனுப்பவும்", கீழே முப்பது கட்டைவிரல்கள்.

நம் பெற்றோர் பாடசாலைக்கு வெளியே நிற்கப் பழகியது ஒரு நாளில் நடந்ததல்ல. சரித்திரத்தைக் கொஞ்சம் தொட வேண்டும்.

அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. அதை எல்லோரும் சொல்வோம். அதற்கு முன்னும் பின்னும் இந்த நாட்டின் கணிசமான பாடசாலைகளை மிஷன்களும் பௌத்த, இந்து, முஸ்லிம் அமைப்புகளும் நடத்தின. ஊர்க்காரர்கள் காணி கொடுத்தார்கள், மரம் தறித்துக் கொடுத்தார்கள், கூரைக்கு ஓடு வாங்கிக் கொடுத்தார்கள். சாதி பார்த்து, சமயம் பார்த்துச் சேர்த்த பாடசாலைகளும் அவற்றில் இருந்தன. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசின் கைக்கு மாற்றின. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் கம்பளை சாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்த பதியுதீன் மஹ்மூத். சுவீகரிப்பு நியாயமானது என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு ஒரு பக்க விளைவு இருந்தது. நேற்று வரை "எங்கட பள்ளிக்கூடம்" என்றவர்கள், கூரை ஒழுகினால் கொழும்புக்கு மனு எழுதப் பழகிக்கொண்டார்கள்.

தோட்டத்துக் கதை வேறு. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் ஆறிலிருந்து பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பத்து வயதுக்குப் பிறகு மலை. பல இடங்களில் அந்த ஆசிரியருக்கே தோட்டத்து எழுத்து வேலையும் இருந்தது. 1948இல் பிரஜாவுரிமையும் அதைத் தொடர்ந்து வாக்கும் போன பிறகு, பாடசாலை வேண்டும் என்று கேட்க அந்த மக்கள் தெரிவு செய்த ஒரு பாராளுமன்ற உறுப்பினர்கூட நீண்ட காலம் இருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு முறையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். கிராமத்துப் பெற்றோர் பாடசாலையைக் கட்டிவிட்டு அரசிடம் கொடுத்தவர்கள். தோட்டத்துப் பெற்றோரைப் பாடசாலை விடயத்தில் யாரும் எதுவும் கேட்டதே இல்லை. துரையிடம் கேள்வி கேட்காத தலைமுறையின் பேரப்பிள்ளையின் தாய் அதிபரிடம் கேள்வி கேட்க எழுந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். எழுந்து நிற்காவிட்டால் அக்கறை இல்லை என்கிறோம்.

இந்த இரு வகைப் பெற்றோரையும் உள்ளே கொண்டுவரவே பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், பின்னர் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் வந்தன. 1993இல் பாடசாலை அபிவிருத்திச் சபைகளுக்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது. 2006இல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் தொடங்கி, ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் கூடித் திட்டம் தீட்டும் அபிவிருத்திக் குழுக்களை ஏற்படுத்தியது. எழுத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. நடைமுறை எப்படி என்பதை வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பார்க்கலாம்.

எந்தப் பாடசாலை என்று தேட வேண்டாம். ஏறக்குறைய எல்லா இடத்திலும் காட்சி ஒன்றுதான். வகுப்புகளில் இருந்து பிள்ளைகள் கதிரை தூக்கி வந்து மண்டபத்தில் போடுவார்கள். முன்வரிசைக் கதிரைகளுக்கு மட்டும் வெள்ளைத் துணி. சமய வழிபாடு, கீதம், வரவேற்புரை. தலைவர் அதிபர்தான், பதவி வழியாக. செயலாளர் சென்ற கூட்டறிக்கையை வாசிப்பார். பொருளாளர் கணக்கறிக்கையை, ரயில் வருவதற்குள் பாலத்தைக் கடக்கிறவர் மாதிரி வாசிப்பார். "ஏதும் கேள்விகள்?" என்று அதிபர் கேட்பார், கேட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பார். முன்மொழிந்தவர் ஒருவர், வழிமொழிந்தவர் ஒருவர், இருவரும் சென்ற வருடத்து அதே இருவர். பிறகுதான் உண்மையான கூட்டம் ஆரம்பமாகும். மதில் கட்ட வேண்டும், ஆரம்பப் பிரிவுக்கு வர்ணம் பூச வேண்டும், மண்டபத்துக்கு ஒலிபெருக்கி வாங்க வேண்டும், ஆளுக்கு இவ்வளவு. பிளேன்ரீயும் பணிஸும் வந்துவிடும்.

இந்தக் கூட்டத்தில் பேசப்படாதவை சில உண்டு. ஐந்தாம் தரத்துக்கு வந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒரு பந்தியைத் தடங்கலின்றி வாசிக்க முடிகிறது? கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய் எத்தனை மாதம்? சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாத பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது? மதிலின் நீளம் அடியிலும் அங்குலத்திலும் கூட்டறிக்கையில் பதிவாகும். மேலே சொன்னவை பதிவாகா.

மதில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலைச் சரிவில் இருக்கும் பாடசாலைக்கு மதில் உயிர்க் காவல். ஆனால் பெற்றோரிடம் பணமும் கையும் மட்டும் கேட்கும் சங்கம் எவ்வளவு சுறுசுறுப்பாக இயங்கினாலும் பாதிச் சங்கம்தான்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. 2006இன் மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தை ஹர்ஷ அதுருபான, போல் க்ளூவ் முதலிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அது நடைமுறையான பாடசாலைகளில் நான்காம் தரப் பிள்ளைகளின் கணிதப் புள்ளிகளும் ஆங்கிலப் புள்ளிகளும் உயர்ந்திருந்தன. முதல் மொழியில் குறிப்பிடும்படியான உயர்வு இல்லை. அதே ஆய்வு இன்னொரு திட்டத்தையும் பார்த்தது: பாடசாலையின் நிலையைப் பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்கும் அறிக்கை அட்டைத் திட்டம். அதனால் விளைந்த பயன் எதுவும் தெரியவில்லை. அது ஒழுங்காக நடைமுறைப்படுத்தப்படவும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் வாசிக்கும் விதம் இது: ஆட்களைக் கூட்டி உட்காரவைத்துத் திட்டம் போடச் செய்த இடத்தில் ஏதோ அசைந்தது, தாளை மட்டும் அனுப்பிய இடத்தில் ஒன்றும் அசையவில்லை. ஆய்வாளர்கள் இவ்வளவு துணிந்து சொல்லவில்லை, நான் சொல்கிறேன். சீலைத் தலைப்பில் சுற்றப்பட்ட அந்தத் தேர்ச்சி அறிக்கையைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்ல வேண்டுமானால் எல்லோரும் 1897ஆம் ஆண்டு வாஷிங்டனுக்குத்தான் போவார்கள். அலிஸ் பர்னியும் ஃபீபி ஹேர்ஸ்டும் அங்கே தாய்மார் மாநாட்டைக் கூட்டினார்கள். அமெரிக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அதிலிருந்து வளர்ந்தது. கறுப்பினப் பெற்றோருக்கு 1926இல் செலீனா பட்லர் தனிச் சங்கம் அமைக்க வேண்டியிருந்தது. இரண்டும் இணைய 1970 ஆயிற்று. பெற்றோர் சங்கம் என்றாலே எல்லாப் பெற்றோருக்குமானது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. ஜேம்ஸ் கோமர் என்ற கறுப்பின மனநல மருத்துவர், யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அவருடைய தாய் மற்றவர் வீடுகளில் வேலை செய்தவர், பள்ளிக்கூடம் போனதே இல்லை என்று சொல்லலாம். தகப்பன் இரும்பாலைத் தொழிலாளி. அந்த வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து 13 பட்டங்கள் பெற்றார்கள். 1968இல் நியூ ஹேவன் நகரில் மிகப் பின்தங்கிய இரண்டு ஆரம்பப் பாடசாலைகளைக் கோமர் எடுத்துக்கொண்டார். முதல் வருடம் கிட்டத்தட்டக் கலவரம். பெற்றோர் ஆத்திரத்தோடு திரண்டு வந்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. பாடசாலையை நடத்தும் குழுவிலேயே பெற்றோரை உட்காரவைத்தார். அந்தக் குழுவுக்கு மூன்று விதிகள். யார் குற்றம் என்று பேசக் கூடாது. வாக்கெடுப்பு இல்லை, பேசிப் பேசி இணக்கத்துக்கு வர வேண்டும். அதிபரை முடக்கவும் கூடாது, அதிபர் மற்றவர்களைப் பொம்மையாக்கவும் கூடாது. சில பெற்றோரை வகுப்பறை உதவியாளராக அமர்த்தி ஊதியமும் கொடுத்தார்கள். 1980களின் நடுப்பகுதிக்குள் அவருடைய திட்டம் நடந்த பாடசாலைகள் நகரின் முன்வரிசைக்கு வந்துவிட்டன.

"யார் குற்றம் என்று பேசக் கூடாது." நம் கூட்டங்களில் இந்த ஒரு விதியை மட்டும் அமுல்படுத்தினால் பாதிப் பேச்சு நின்றுவிடும் என்று பயமாகவும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1960களிலேயே மாநிலப் பெற்றோர் ஆசிரியர் கழகம் உருவாகிவிட்டது. அங்கே பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் கழகத்தின் பெயர் வினா வங்கிப் புத்தகமாகத்தான் பழக்கம். இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு நிலை மாறியது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் குழுவின் தலைமையும் பெற்றோருக்கே. தலைமையாசிரியர் கூட இருப்பார், தலைவராக இருக்க மாட்டார். அதுவும் காகிதத்தில் தூங்கிவிட, 2022இல் "நம் பள்ளி நம் பெருமை" என்று மறுபடி தட்டி எழுப்பினார்கள். சட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம் அபிவிருத்திச் சங்கத்தில் அதிபரே தலைவர், அதிபரிடமே கணக்கு, அந்த அதிபரிடம்தான் என் பிள்ளையின் விடுகைப் பத்திரமும் இருக்கிறது என்ற நிலையில் ஒரு நாட்கூலித் தகப்பன் எழுந்து "சேர், அந்த ஒலிபெருக்கிக்கு மூன்று விலைமனு எடுத்தீங்களா?" என்று கேட்பாரா? 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அரச பாடசாலைக்கும் பொருந்தும். கேட்கும் உரிமை இருக்கிறது. கேட்ட மறுநாள் பிள்ளையை எப்படிப் பார்ப்பார்கள் என்ற பயமும் இருக்கிறது. இப்படிச் சொல்வதால் நேர்மையான அதிபர்கள் கோபிக்க வேண்டாம். தலைமையைப் பெற்றோரிடம் விட்டுவிட்டால் சந்தேகப் பேச்சிலிருந்து முதலில் விடுதலை பெறுவது அவர்கள்தான்.

பணத்தைப் பற்றி ஒரு சம்பவம். பாடசாலையின் பெயர் வேண்டாம். மலசலகூடத்துக் கூரை காற்றில் போயிருந்தது. ஒரு தகப்பன், மேசன் பாஸ், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து சுவரை உயர்த்தி, தகடு போட்டுக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. அடுத்த மாதம் வகுப்பறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள்: அபிவிருத்திப் பணம் செலுத்தாதோர். அதில் அந்த மனிதனின் மகளின் பெயர் இருந்தது. பிள்ளை அப்பாவிடம் சொல்லவில்லை. ஒரு கிழமை பாடசாலைக்குப் போகாமல் வயிற்று வலி என்று படுத்திருந்தாள். பட்டியல் ஒட்டிய ஆசிரியை பொல்லாதவர் அல்ல. பணம் சேர்க்கும் வேலை அவர் தலையில் கட்டப்பட்டிருந்தது. எங்கள் கணக்குப் புத்தகத்தில் உழைப்புக்கு ஒரு நிரல் இல்லை, அவ்வளவுதான்.

சிரமதானத்தை ஓர் இயக்கமாக வளர்த்தெடுத்த நாடு இது. 1958இல் நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போன கனத்தொலுவ கிராமம் குருநாகல் மாவட்டத்தில்தான் இருக்கிறது. உழைப்பும் கொடைதான் என்பதை நமக்கு அமெரிக்காவில் இருந்து யாரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டு நாள் மேசன் கூலி இன்றைய விலையில் எவ்வளவு என்று பொருளாளர் எழுதட்டும். கடைக்காரர் கொடுத்த ஐயாயிரத்துக்குப் பக்கத்திலே அதுவும் வரட்டும். பெயர்ப் பட்டியல் ஒட்டுவதை அடியோடு நிறுத்தட்டும்.

இன்னொரு கூட்டத்தாரையும் நாம் பெற்றோராகக் கணக்கெடுப்பதில்லை: பிள்ளைகளுக்குப் பாடசாலை உணவு சமைக்கும் தாய்மார். 2024 மார்ச்சில் ஆரம்பப் பிரிவுக்கான உணவுத் திட்டம் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. பல சிறிய பாடசாலைகளில் சமைத்துக் கொண்டுவருவது அங்கே படிக்கும் பிள்ளையின் தாய்தான். அரிசி விலை ஏறும்போது அவர் கையில் மிஞ்சுவது குறையும். பணம் தாமதித்தால் கடையில் கடன் ஏறும். அவரிடம் ஓர் அறிவு இருக்கிறது. திங்கட்கிழமை எந்தப் பிள்ளை இரண்டாம் தடவை சோறு கேட்கும், எந்தப் பிள்ளை பாதியை மூடி வைத்துத் தம்பிக்குக் கொண்டுபோகும், எந்தப் பிள்ளை முட்டையைக் கடைசியாகச் சாப்பிடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்த வகுப்பாசிரியரின் பதிவேட்டிலும் இந்தத் தகவல் இல்லை. எந்தச் செயற்குழுவிலாவது அவரை அழைத்து "சொல்லுங்க தங்கச்சி, பிள்ளைகள் எப்படி இருக்குதுகள்?" என்று கேட்டிருக்கிறோமா? கேட்டால், வரவு குறையும் பிள்ளைகளின் பட்டியலில் பாதி அந்தச் சமையல் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே கிடைத்துவிடும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். கூட்டத்தை மாலையில் வைக்கலாமே என்றால் உடனே ஒரு பதில் வரும்: ஆசிரியர்கள் கண்டியில் இருந்தும் குருநாகலில் இருந்தும் வருகிறார்கள், பிந்தினால் பஸ் இல்லை. நியாயமான பதில். ஆசிரியைகள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் தஹம் பாசல, அஹதிய்யா, அறநெறி என்று சமய வகுப்புகள், அதோடு ரியூசன். பிள்ளைகளுக்கே ஞாயிறு இல்லை. ஆகவே ஒரே நேரம் எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை. நூறு பேர் கூடும் மண்டபக் கூட்டத்தை வருடத்துக்கு ஒன்றோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தை வகுப்பு வட்டமாக, பதினைந்து இருபது பேராக, அவர்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். கிராமத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரம். தோட்டத்தில் மாலை நிறுவை முடிந்ததும் பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அப்படியே வந்து உட்காரலாம், பேரும் குறையாது. வெளிநாட்டுத் தாய்மாருக்கு அன்றிரவே வகுப்பாசிரியர் ஐந்து நிமிடக் குரல் செய்தி. தேர்ச்சி அறிக்கையை யார் கையிலும் சும்மா கொடுக்கக் கூடாது. வாசித்துக் காட்டித்தான் கொடுக்க வேண்டும், எழுத வாசிக்கத் தெரிந்தவருக்கும் அப்படியே, அப்போதுதான் தெரியாதவருக்கு வெட்கம் இராது.

பேச வேண்டியதும் அங்கே தெளிவாக இருக்க வேண்டும். முதல் அரை மணியில் பணம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. பிள்ளை எதை வாசிக்கிறது, எங்கே தடுக்குகிறது, வீட்டில் விளக்கு எத்தனை மணி வரை எரிகிறது, யார் பக்கத்தில் இருக்கிறார்கள். ரியூசனுக்கு அனுப்புங்கள் என்று சொல்வதற்கு ஆசிரியர் லயத்துக்கு வர வேண்டியதில்லை.

செலவு யார் தலையில் என்று கேட்பீர்கள். இரண்டு ஆசிரியைகளைப் பின்னேரம் தோட்டத்துக்குக் கூட்டிப் போய், இருட்டுவதற்குள் கலகெதர பஸ் தரிப்பில் இறக்கிவிட ஒரு வேன் வேண்டும். வலயக் கல்விப் பணிமனை இதற்குப் பணம் ஒதுக்கும் என்று காத்திருந்தால் இன்றைய முதலாம் தரப் பிள்ளைகள் சாதாரண தரம் எழுதிவிடுவார்கள். ஆனால் விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் வாடகைக்கு எடுக்கிறோம்; பிரதம அதிதிக்கு மாலையும் பொன்னாடையும் நினைவுச் சின்னமும் வாங்குகிறோம். அந்தச் செலவு சங்கக் கணக்கில்தான் போகிறது, யாரும் ஆட்சேபிப்பதில்லை. ஒரு தவணைக்கு இரண்டு வேன் பயணம் அந்தக் கூடார வாடகைக்குள் அடங்கும். இந்த வருடம் பிரதம அதிதியை ஒரு மரக்கன்றோடு அனுப்பிவிட்டு, வேன் வாடகை என்று ஒரு வரியை அடுத்த பொதுக்கூட்டத்தின் வரவு செலவுத் திட்டத்தில் எழுதுங்கள். முன்மொழிய இங்கே இருப்பவர்களில் ஒருவர் போதும். வழிமொழிய, சென்ற வருடத்து ஆளைத் தவிர வேறு யாராவது எழும்பட்டும்.